ஐம்பது மீட்டர், நேர் எதிரே

சங்கு அலறியது.

கண்டக்டர் கையிலிருந்த டீயில் பாதி சட்டைக்கும் பாதி தரைக்கும் போனது.

"மதிய ஷிப்ட் சங்கு சார். தினமும் பன்னிரண்டுக்கு ஊதும்," என்றார் சுரங்க வாசலில் நின்ற காவலாளி.

"முன்னாடியே சொல்லியிருந்தா டீயைக் குடிச்சு முடிச்சிட்டு பயந்திருப்பேனே!"

கண்டக்டர் சட்டையை உதறினார். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அதை விட்டுத் துப்பறியும் வேலைக்கு உதவியாளராக வந்து நாலு வருடமாகியும் பெயர் மாறவில்லை. அவருடைய முதலாளியம்மாவுக்கும் பட்டப்பெயர்தான். ஊசி. கேள்வி சின்னதாக இருக்கும். குத்திய இடம் இரண்டு நாள் வலிக்கும்.

ஊசி மேடம் சங்கைக் கவனிக்கவில்லை. தன்னை வேலைக்கு அமர்த்திய அம்மாளைக் கவனித்தார். அந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். சங்கு ஓய்ந்தும் கையை எடுக்கவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே சங்கு காலை ஏழு மணிக்கு, ஊதக்கூடாத நேரத்தில் ஊதியது. செம்புச் சுரங்கத்தின் ஒரு பாதை இடிந்து, அதற்கப்பால் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். உயிரோடுதான். உள்ளேயிருந்து இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மேலேயிருந்து காற்றுக்குத் துளை போட்டால் பிழைப்பார்கள் என்று ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தித் துளை போட்டார்கள். துளை போன இடம் வேறு. மதியம் ஒன்றரைக்குத் தட்டும் சத்தம் நின்றது.

மூன்று பேரில் ஒருவன் இந்த அம்மாளின் ஒரே மகன். துளை எங்கே போட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் சர்வே ஆபீஸ் கிளார்க். அவனுடைய மனைவி.

"தப்புன்னா கொஞ்சம் தள்ளி விழும்மா," என்றாள் மாமியார். "இது நேர் எதிர்ல விழுந்திருக்கு. நூல் பிடிச்ச மாதிரி. என் பையன் இந்தப் பக்கம், துளை அந்தப் பக்கம். முந்தின நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. பாத்திரம் உருண்ட சத்தம் என் காதுல விழுந்துச்சு. வேணும்னுதான் செஞ்சா. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர் எங்க சொல்றது! முப்பது வருஷமா இங்க ரிக் ஓட்டுறவர். மகனுக்கும் அவரேதான் துளை போட்டாரு. அன்னிக்கு மூடின வாய்தான். சாப்பிடுன்னா சாப்பிடுறாரு, படுன்னா படுக்குறாரு. அந்தச் சட்டையைக்கூட மாத்தல. துவைக்கக் கேட்டா கையைத் தட்டி விடுறாரு."

ஆபீஸ் வராந்தாவின் பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை. சட்டைப் பையை ஊக்கு போட்டு மூடியிருந்தார். ஒரு கை அதன் மேலேயே இருந்தது. நெஞ்சுவலிக்காரர் போல.

"மருமகள்கிட்டயாவது பேசுவாரா?" கண்டக்டர் கேட்டார்.

"அவகிட்டயா? பையன் அவனா தேடிக்கிட்ட பொண்ணுங்க அவ. ஆறு வருஷமா ஒரே வீடு. 'உப்பு எங்கன்னு அவளைக் கேளு'ன்னு என்கிட்டதான் சொல்வாரு. அவ பக்கத்துலயே நிப்பா."

"சரிதான். எங்க பஸ்ல டிரைவருக்கும் எனக்கும் நடுவுல விசில் இருந்துச்சு. உங்க வீட்டுல நீங்க."

அதற்குள் மேனேஜர் வேகமாக வந்தார். கையில் ஃபைல்.

"நீங்கதான் துப்பறியறவங்களா? சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்புங்க. மூணு மணிக்கு விசாரணை அதிகாரி வரார். அந்தப் பொண்ணு 'என் தப்பு'ன்னு எழுதிக் குடுக்க ஒத்துக்கிட்டா. கையெழுத்து விழுந்ததும் போலீஸ் கூட்டிட்டுப் போயிடும். நாலஞ்சு வருஷம் உள்ள இருக்கணும்னு பேசிக்கறாங்க. பாவம், சின்னக் குழந்தை வேற இருக்கு."

பாவம் என்ற சொல்லை அவர் கொசுவை விரட்டுவது போலச் சொன்னார்.

சர்வே ஆபீஸ் ஒரு நீள அறை. சுவர் முழுக்கச் சுரங்க வரைபடங்கள். மூலை மேஜையில் மருமகள் உட்கார்ந்து ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அடிக்கோல் இல்லை. பழைய காலண்டர் அட்டையின் ஓரத்தை வைத்துக் கோடு இழுத்தாள். கையெழுத்துப் போடும்வரை அவள் வேலைக்கு வர வேண்டுமாம். கணக்குத் தெரிந்த வேறு ஆள் இல்லை.

"நீங்கதான் கணக்குப் போட்டீங்களா?" ஊசி கேட்டார்.

"நான்தான். நான்தான் தப்பு. எழுதிக் குடுத்துடறேன்."

"கையெழுத்தை அப்புறம் பாக்கலாம். எனக்கு முதல்ல கணக்கைச் சொல்லுங்க. இவருக்கும் புரியற மாதிரி."

"என்னைச் சொல்லலைனா மேடத்துக்குத் தூக்கம் வராது," என்றார் கண்டக்டர்.

அவள் சிரிக்கவில்லை. சுவரிலிருந்த பெரிய படத்தின் இடது கீழ் மூலையைத் தொட்டாள்.

"இது மூலைக்கல். எல்லா இடத்தையும் இங்கேர்ந்துதான் அளப்போம். எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கேன்னு ரெண்டு எண். அவங்க மாட்டிக்கிட்ட இடம் கிழக்கே நூறு, வடக்கே நூறு. ஆனா மேல யார்டுல, அந்தத் திறந்த வெளில, அப்படி நடந்து போய்க் காட்ட முடியாது. நடுவுல குவியல், கொட்டகை, வேலி. அதனால ஒரு தூண் மேல கருவியை வச்சு, எந்தக் கோணத்துல திரும்பணும், எவ்வளவு தூரம் போகணும்னு மாத்திக் குடுப்போம். கிழக்கும் வடக்கும் உள்ள போகும், தூரமும் கோணமும் வெளிய வரும். அதான் என் வேலை."

"எந்தத் தூண்?"

"எப்பவும் மூலைக்கல்லை ஒட்டின ஒண்ணாம் தூண்தான். அன்னிக்கு அந்தப் பக்கம் மண் இறங்கிடுச்சு. அதனால நடுவுல இருக்கற ரெண்டாம் தூண்ல வச்சாங்க. அது கிழக்கே நூத்தி முப்பது, வடக்கே நூத்தி நாப்பது."

தாளுக்கு ஓர் எண்ணாக அச்சடித்த கணக்குப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை ஊசி பிரித்துப் பார்த்தார். கிழக்கு வித்தியாசம்: மைனஸ் முப்பது. வடக்கு வித்தியாசம்: மைனஸ் நாற்பது. தூரம்: ஐம்பது மீட்டர். கோணம், வடக்கிலிருந்து வலப்பக்கமாக: முப்பத்தாறு டிகிரி, ஐம்பத்திரண்டு நிமிடம். கீழே மேனேஜரின் முத்திரை. காலை எட்டேகால்.

"கால்குலேட்டர்ல மைனஸ் முப்பதை மைனஸ் நாப்பதால வகுத்தேன். ரெண்டு மைனஸும் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு," என்றாள் மருமகள். "பிளஸ் முப்பது, பிளஸ் நாப்பதுன்னு போட்டாலும் அதே விடைதான் வரும். அதுக்கு ரெண்டும் ஒண்ணு. எந்தப் பக்கம்னு நாமதான் பாக்கணும். ரெண்டும் மைனஸ்னா நூத்தி எண்பது டிகிரி கூட்டணும். நான் கூட்டல."

"ஏன்?"

"இந்த ஆபீஸ்ல பதினெட்டு வருஷக் கணக்கு இருக்கு மேடம். புரட்டிப் பாருங்க. ஒரு மைனஸ்கூட இருக்காது. மூலைலேர்ந்து பாத்தா எல்லாமே கிழக்கேயும் வடக்கேயும்தானே? நூத்தி எண்பதைக் கூட்டணும்னு காலேஜ்ல படிச்சேன். இங்க வந்து ஒரு நாளும் கூட்டினதில்ல. கை பழகிடுச்சு. அன்னிக்கும் கை பழக்கத்துக்குப் போட்டுச்சு. உள்ள அவர் இருந்தார்."

ஊசி புத்தகத்தை மூடிவிட்டுக் கண்டக்டரை அறைக்கு வெளியே இழுத்தார்.

"மாமியார் சொன்னது கோளாறு. நேர் எதிர்ல விழுந்ததால கொலைன்னாங்க. நேர் எதிர்ல விழுந்ததாலதான்யா இது தவறு. வேணும்னு செய்றவ ஏழெட்டு டிகிரி தள்ளி வைப்பா. பதட்டத்துல தப்பாயிடுச்சுன்னு சொல்லலாம், யாருக்கும் உறுத்தாது. இப்படிக் கண்ணாடில பாத்த மாதிரி எதிர்ப்பக்கம் போய் நிக்கறது அந்த ரெண்டு மைனஸ் மட்டும் செய்ற வேலை."

"அப்போ கேஸ் முடிஞ்சுது. இறங்கலாமா?"

"நீங்க ஏன் இன்னும் கதவு வழியா அந்தப் புத்தகத்தையே பாத்துட்டு நிக்கறீங்க?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "டிக்கெட் கட்டுல ஒரு நம்பர் குறைஞ்சா டிப்போல என்னை உரிச்சிடுவாங்க மேடம். பழக்கம். நீங்க மூடும்போது பாத்தேன், நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் நாப்பத்திமூணு இருக்கு. நாப்பத்திரண்டை யாரோ கிழிச்சிருக்காங்க."

ஊசி திரும்பி உள்ளே போனார். பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மருமகளின் கையெழுத்தில் இரண்டு வரி மறுகணக்கு. தூரத்தையும் கோணத்தையும் திருப்பிக் கிழக்கும் வடக்குமாக மாற்றி, சரியாக வந்தால் ஒரு டிக். நாற்பதாம் பக்கம் வரை ஒன்றும் விடுபடவில்லை. நாற்பத்தொன்றில் மட்டும் இல்லை.

"மறுகணக்குப் போடாம நீங்க ஒரு தாளையும் விட்டதில்ல. இதை மட்டும் விட்டீங்களா?"

"அவசரம்..."

"நாப்பத்திரண்டாம் பக்கம் எங்க?"

காலண்டர் அட்டை அசையாமல் நின்றது. "மை கொட்டிடுச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"உங்க கைல இருக்கறது பால்பாயிண்ட் பேனா. உங்களுக்குப் பொய் சொல்ல வரல. பழகிக்காதீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யார்டில் வெயில் சுட்டது. இரண்டாம் தூண் இடுப்பளவு உயரச் சிமெண்டுக் கட்டை. அங்கிருந்து ஐம்பது மீட்டரில், வடகிழக்கே, தப்பான துளையை இரும்புத் தகட்டால் மூடியிருந்தார்கள்.

"சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேணுமே," என்றார் கண்டக்டர்.

"எதுக்கு? தப்பான இடம்தான் கண்ணுக்கு முன்னாடி இருக்கே. தூண்கிட்ட நில்லுங்க. அந்தத் தகட்டை நேராப் பாருங்க. டேப்பைப் பிடிச்சுட்டு, திரும்பாம, அப்படியே பின்னாலயே நடங்க. ஐம்பது மீட்டர்."

"பின்னாலயா? டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது நான் கீழ இறங்கி 'வரலாம் வரலாம்'னு கத்துவேன். இப்போ எனக்கு யார் கத்துறது?"

"நான் கத்தறேன். வரலாம், வரலாம்."

கண்டக்டர் தகட்டைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். முப்பது. கால் சரளையில் வழுக்கியது. நாற்பது. காலி டிரம்கள் உருண்டு கிடந்தன. இரண்டை முதுகாலேயே தள்ளிக்கொண்டு போனார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. காய்ந்த புல்புதர் ஒன்று காலைப் பிடித்தது. கண்டக்டர் மல்லாந்து விழுந்தார்.

"அம்மாடி! எதையோ நட்டு வச்சிருக்காங்க மேடம். முதுகெலும்பு பஞ்சர்!"

ஊசி ஓடிவந்து புல்லை விலக்கினார். சர்வே முளை இல்லை. முளை என்றால் கூராகச் சீவிச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். இது உருண்டையான, வழவழப்பான மரம். தலையில் கல்லால் அடித்த நசுங்கல். ஊசி அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். மண்ணைத் துடைத்ததும் வெள்ளை எழுத்து தெரிந்தது. 'சர்வே ஆபீஸ். மேஜை 3.'

ரூல்தடி. தாளில் கோடு போடுவது.

கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். கிண்டல் போன இடம் தெரியவில்லை. "அவங்க மேஜையில காலண்டர் அட்டை..."

"ஆமா. ஐந்து வாரமா அவளுக்கு அடிக்கோல் இல்ல. அது இங்க நின்னுட்டு இருந்திருக்கு, அவ புருஷன் தலைக்கு நேர் மேல."

இரண்டரை மணிக்கு ஊசி மேனேஜரைப் பிடித்தார்.

"அன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு எங்க இருந்தீங்க?"

"மீட்பு வண்டியைக் கூட்டிட்டு வரப் போயிருந்தேன். ஃபோன் லைன் மண்ணோட அறுந்து போச்சே. திரும்பி வர ஒன்றரை ஆயிடுச்சு. கேட்டுல இந்தப் பொண்ணு வண்டிக்குக் குறுக்க வந்து விழுந்தா. 'கோணம் தப்பு, நான்தான்'னு அழுதா. அப்போதான் தட்டுற சத்தமும் நின்னுச்சு."

"மத்த ஆளுங்க?"

"எல்லாரும் சுரங்க வாயில மண் அள்ளிட்டு இருந்தாங்க."

"ரிக் பக்கத்துல?"

"ரிக் ஓட்டுறவர் மட்டும்தான். அவரை விட்டா எங்ககிட்ட அதைத் தொடக்கூட ஆள் கிடையாது. பதினொன்றரைக்கே துளை இறங்க வேண்டிய ஆழம் இறங்கிடுச்சு. ஒண்ணும் தட்டுப்படல. ஆழம் போதலன்னு நினைச்சு அவர் பாட்டுக்கு இன்னும் கீழ இறக்கிட்டே இருந்திருக்கார்."

ஊசி சர்வே அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ரூல்தடியை மேஜை மேல் வைத்தார்.

மருமகள் அதைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வராந்தா, பெஞ்ச், பெரியவர்.

"மேடம், அதைத் தூக்கிட்டுப் போயிடுங்க. உங்க கால்ல விழறேன்."

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"ஒன்பது அஞ்சுக்கு. மறுகணக்குப் போட்டேன். மைனஸ் முப்பது வரணும், பிளஸ் முப்பது வந்துச்சு. ஓடிப் போய் அந்தத் தடியை நட்டேன்."

"ரிக் அப்பவே நகர்ந்திருந்தா?"

"நகர்த்த முக்கால் மணி நேரம். துளை இறங்க மூணு மணி நேரம். பன்னிரண்டு அம்பதுக்குக் காத்து போயிருக்கும்." அந்தக் கணக்கை அவள் பல முறை போட்டிருக்க வேண்டும், யோசிக்காமல் சொன்னாள். "சத்தம் நின்னது ஒன்றரைக்கு. நாப்பது நிமிஷம் மிச்சம் இருந்திருக்கும்."

"நாப்பத்திரண்டாம் பக்கத்தை யார் கைல குடுத்தீங்க?"

மருமகளின் கண் மறுபடி கதவுக்குப் போனது.

"அவருக்கு உத்தரவு போட மேனேஜரால மட்டும்தான் முடியும்னு கேட்டுக்கு ஓடினீங்க. நாலு மணி நேரம் வெயில்ல நின்னீங்க. ஏன் இதை யார்கிட்டயும் சொல்லல?"

"முதல் தப்பு என்னோடதுதானே மேடம்?" அவள் தடியின் மேல் கையை வைத்து மறைத்தாள். "அத்தைக்கு மகன் போயாச்சு. இதையும் சொன்னா புருஷனும் போயிடுவார். மனுஷன் உயிரோட வீட்டுலதான் இருப்பார். ஆனா அத்தை அவர் முகத்துல எப்படி முழிப்பாங்க? என்னைத் திட்டினா அவங்களுக்குக் கொஞ்சம் சோறு இறங்குது. திட்டிட்டுப் போகட்டும்."

"உங்க குழந்தை?"

"அத்தை நல்லா வளப்பாங்க. என்னைத்தான் பிடிக்காது. அவளை உயிரா வச்சிருக்காங்க."

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மேடம், எங்க பஸ்ல ஏறுற ஆளு எங்க போகணும்னு அவங்களே சொல்லுவாங்க. நாம டிக்கெட்டைக் கிழிச்சா போதும். இந்த வேலை எனக்குப் பிடிக்கல."

"எனக்கும்தான்," என்றார் ஊசி. ரூல்தடியை எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி. விசாரணை அதிகாரி வந்து தாளை விரித்தார். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். மாமியார் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பார்க்க வேண்டும் என்று பெரியவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருந்தாள்.

"என்னம்மா, வேணும்னு செஞ்சாளா இல்லையா? சொல்லுங்க," என்று ஊசியைக் கேட்டாள்.

"இல்ல. தவறுதான். அதையும் அம்பதே நிமிஷத்துல அவளே கண்டுபிடிச்சுட்டா."

"கண்டுபிடிச்சாளா? அப்போ ஏன் என் பையன் செத்தான்?"

ஊசி நேராகப் பெரியவரிடம் போய், அந்த ரூல்தடியை அவர் கையில் வைத்தார். ஐம்பது மீட்டர் தள்ளி எந்தப் பக்கம் அது நின்றது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

"மாமா, வேண்டாம்," என்றாள் மருமகள். பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெரியவர் தடியின் நசுங்கிய தலையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்த ஊக்கைக் கழற்றினார். ஊக்கு இரண்டு தடவை விரலில் குத்தியது. எட்டாக மடித்த ஒரு தாள் வெளியே வந்தது. கிரீஸ் பட்டு, வியர்வை பட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது. மேல் மூலையில் அச்சடித்த எண் நாற்பத்திரண்டு.

மாமியார் அதைப் பிடுங்கிப் பிரித்தாள். கோணலான, அவசரமான எழுத்து.

'மாமா, நான் தப்பாப் போட்டுட்டேன். எதிர்ப்பக்கம். கோணம் 216 டிகிரி 52 நிமிடம். தடி நட்டிருக்கேன். கால்ல விழறேன், ரிக்கை நகர்த்துங்க. மணி 9.05.'

அவள் உரக்கப் படித்து முடித்தாள். மேனேஜர் தன் முத்திரை விழுந்த கணக்குப் புத்தகத்தை மெல்ல ஃபைலுக்கு அடியில் தள்ளினார்.

"இது எப்படிங்க உங்க பையில?" மாமியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "ஐந்து வாரமா... இது எப்படி உங்க பையில?"

பெரியவர் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. கையிலிருந்த தடியிடம் சொன்னார்.

"'எனக்கே திசை காட்டுறியா, போடி'ன்னேன்... கல்யாணமாகி ஆறு வருஷத்துல நான் அவகிட்ட நேரா பேசினது அது ஒண்ணுதான்."